கிண்ணம் தளும்பாத நடை

சீப்பு நின்றுவிட்டது. வலது காதுக்குப் பின்னால், பிடரிக்குக் கொஞ்சம் மேலே, தினமும் மல்லுக்கு நிற்கிற அதே இடத்தில் இன்றைக்கும் ஒரு சிக்கு. ராணி அசலாயிஸ் சீப்பை வெளியே எடுக்கவுமில்லை, கீழே இழுக்கவுமில்லை. இழுத்தால் சிக்கு போய்விடும். சிக்கு போனால் பின்னல், பின்னலுக்கப்புறம் நாடா, நாடாவுக்கப்புறம் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம், கடல் தாண்டி வந்த சீமாட்டி ஹாவிஸ் கணப்பின் முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பது இங்கே வரைக்கும் கேட்டது. கப்பலை விட்டு இறங்கினதிலிருந்து அவளுக்கு ஜலதோஷம். சிந்தட்டும், நன்றாகச் சிந்தட்டும், காய்ச்சலும் சேர்ந்து வந்து ஒரு வாரம் படுக்கையில் தள்ளட்டும் என்று நினைத்தாள் ராணி. நினைத்த வேகத்தில் மனசுக்குள் சிலுவையும் போட்டுக்கொண்டாள். முக்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த எமெலின் கழுத்தை நெளித்தாள். ஏழு வயசு. குளித்த ஈரம் காயாத உடம்பின் மேல் கணுக்கால் வரை தொங்குகிற வெள்ளை உள்ளங்கி, அவ்வளவுதான், காலில் ஒன்றுமில்லை. “இழுக்கறே அம்மா” என்றாள். “இழுக்கலே, பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்.” “பிடிச்சாலும் இழுக்கற மாதிரிதான் இருக்கு.” ராணிமார் பெண்ணுக்குத் தலை வாருகிற வழக்கம் அந்த அரண்மனையில் கிடையாது. அதற்குத்தான் தாதி பெரெத் இருக்கிறாள். இன்றைக்கு அந்தப் பெரெத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் சும்மா நின்றாள், கையில் வேலையில்லாதவள் படுகிற அவஸ்தையோடு. தரையில் எப்போதும் பரப்பியிருக்கும் கோரைப்புல்லை விடியற்காலையிலேயே பெருக்கி எடுத்துவிட்டார்கள். வெறும் கல் தரை. பாதம் எப்படி ஊன்றுகிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தெளிவாகத் தெரியவேண்டுமாம்.

பெண்ணை ஒப்புக்கொண்டாயிற்று, வாக்கும் கைமாறியாயிற்று. மாப்பிள்ளை தீவு ராஜ்யத்தின் இளவரசன், பல் முளைத்து முடியாத பையன். எமெலின் இனி அந்த வீட்டில் வளர்ந்து அந்த வீட்டுப் பேச்சைக் கற்று அந்த வீட்டுக்காரியாகவே பெரியவளாகவேண்டும், அதுதான் முறை. ஆனால் கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து, உள்ளங்கி ஒன்றை மட்டும் போட்டு, வெறுங்காலோடு, அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் அவளை நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். குறை இருந்தால் பேச்சு முறிந்தது. குறை இருந்தது. இடது கால் வலது காலை விட ஒரு விரற்கடை குட்டை. பிரசவத்தில் கால் முன்னால் வந்தது, மருத்துவச்சி பதறிப்போய் இழுத்தாள், அன்றைக்கு எலும்பில் ஏதோ ஆகியிருக்கவேண்டும். முதலில் கண்டுபிடித்தது பெரெத்தான்: “ராணியம்மா, குட்டிக்கு ஒரு பக்கத்துச் செருப்பு மட்டும் சீக்கிரம் தேயுது பாருங்க.” அன்றையிலிருந்து மூன்று பேருக்குத்தான் தெரியும், அந்த மூன்றாவது ஆளுக்கு, அதாவது கால்காரிக்கு, தெரிந்தும் தெரியாது. அசலாயிஸ் தன் கையாலேயே கம்பளித் துணியை அடுக்கி வெட்டி இடது செருப்புக்குள் தைத்தாள். மடியில் மேலாகத் தேவாலயத்துத் திரைச்சீலை, அதற்கடியில் குழந்தைச் செருப்பு. பார்க்கிறவர்கள் ராணிக்கு எவ்வளவு பக்தி என்று மெச்சினார்கள். செருப்பு இல்லாத நாள் ஒன்று வரும் என்று தெரிந்ததால்தான் கிண்ணம் வந்தது. வெள்ளிக் கிண்ணம், விளிம்பு வரை தண்ணீர், தலையில். வலது முழங்காலை உள்ளங்கிக்குள் லேசாக மடக்கிக்கொண்டால் இடுப்பு சமனாகும், இடுப்பு சமமானால் தண்ணீர் தளும்பாது. குழந்தைக்கு அவள் காலைப் பற்றிச் சொல்லவேயில்லை, கிண்ணத்தைப் பற்றித்தான் சொன்னாள். முதல் மாசமெல்லாம் குழந்தை தொப்பலாக நனைந்தாள், சிரித்தாள், தும்மினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் சுவரைத் தொட்டுவிட்டு வந்தால் பரிசு உண்டு. தின்பண்டம் இல்லை, பொம்மை இல்லை. எமெலினே கேட்டு வாங்கிய பரிசு அது. அம்மா இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அறையைச் சுற்றவேண்டும், சின்னப் பாப்பாவைச் சுற்றுகிற மாதிரி. ஓடினால்தான் ஆபத்து. ஓடும்போது முழங்காலுக்குக் கிண்ணம் ஞாபகமிருக்காது. அப்போது குழந்தை ஒரு பக்கம் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, சிறகு அடிபட்ட காடை மாதிரி ஓடுவாள், அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அசலாயிஸுக்கு நெஞ்சுக்குள் அதே இறங்கி ஏறல்.

சிக்கைச் சீப்பின் நுனிப் பல்லால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள். எல்லாம் தன் வினைதான், யாரைக் குற்றம் சொல்ல? இந்த நடத்திப் பார்க்கிற முறையே இப்போதெல்லாம் பேருக்குத்தான். பாதி வீடுகளில் விட்டுவிட்டார்கள். அவளே வருந்திக் கூப்பிட்ட வினை. மலைமேல் மாதா கோயிலில் நேர்ந்துகொள்கிறவர்கள் மெழுகில் உறுப்புச் செய்து வைப்பார்கள், கை நோவுக்குக் கை, கண் நோவுக்குக் கண். அவளும் ஒரு மெழுகுக் கால் வைத்தாள். மாதாவிடம் அவள் கெஞ்சவில்லை, பேசினாள், சந்தையில் பேசுகிற மாதிரி: உனக்குக் காலும் தருகிறேன், ஒரு வருஷத்து மெழுகுவத்தியும் தருகிறேன், அந்த விரற்கடையை மட்டும் நீட்டிக் கொடு, உனக்கு அது ஒரு பெரிய காரியமா? வைத்த பிறகுதான் புத்தி வந்தது, மெழுகுக் கால் யாருக்காக என்று குருமார் கேட்பார்களே. “எனக்குத்தான், முழங்காலில் வலி” என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாய்க்கு உடம்பு ஈடு கொடுக்கவேண்டுமல்லவா? கோயில் படியிலிருந்தே நொண்டத் தொடங்கியவள், பனிக்காலம் முழுக்க நொண்டினாள். அண்டை நாட்டுச் சீமாட்டிகள் கரடிக் கொழுப்பும் பன்றி நெய்யும் அனுப்பினார்கள். ராஜா வைத்தியனைக் கூப்பிட்டு அட்டை விடச் சொன்னான்; நல்ல காலில் அட்டை விட்டு ரத்தம் எடுத்தார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். எந்தக் கால் என்று ஒருநாள் மறந்துபோய் மாற்றி நொண்டிவிட்டாள். பெரெத் பின்னாலிருந்து இருமி இருமி எச்சரித்தாள். சிரிப்பும் வந்தது, கூடத்தில் அத்தனை பேர் நிற்க சிரிக்கவா முடியும்? குழந்தை மட்டும் அவள் பக்கத்தில் வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்பச் சந்தோஷமாக, “அம்மா, நீயும் என்னை மாதிரியே நடக்கறே” என்றாள். அப்படியானால் தெரியும். அப்படியானால் இவளுக்கு எல்லாம் தெரியுமோ? கேட்கவில்லை. கேட்டால் சொல்லவேண்டி வரும். தீவு நாட்டுக்காரர்களுக்கோ காது நீளம். ராணி நொண்டுகிறாளாம், தாய்க்கு இருப்பது பெண்ணுக்கும் இருக்குமே, எதற்கும் நடத்திப் பார்த்துவிடுவோம் என்று அங்கே யாரோ கிளப்பிவிட்டார்கள். வந்து இறங்கியதும் ஹாவிஸ் கேட்ட முதல் கேள்வியே, “மகாராணிக்குக் கால் இப்போ தேவலையா?” என்பதுதான். தேவலையாம். மாதா அந்தப் பக்கம் தராசைச் சாய்த்துவிட்டாள், மெழுகும் போச்சு, வத்தியும் போச்சு.

“அம்மா, அங்கயும் நீ தலை வாரிவிடுவியா?” சீப்பு மறுபடி நின்றது. “பெரெத் வருவா கூட.” “பெரெத் முரட்டுத்தனமா வாருவா.” ஜன்னல் பக்கத்திலிருந்து பெரெத், “நன்றிகெட்ட குட்டி, உன் தலையில பேன் பார்த்தே என் கண்ணு அவிஞ்சுபோச்சு, முரடாம்” என்றாள். குரல் பாதியில் உடைந்தது, உடனே துண்டை உதறுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். திரும்பிக்கொள்ளாதே, யாரும் திரும்பிக்கொள்ளாதீர்கள் என்று அசலாயிஸுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. அவளும் இப்படி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தவள்தான். தெற்கே, வெயில் காய்கிற ஊர், கல்லெல்லாம் மஞ்சள், வீட்டுக்குள் எப்போதும் எண்ணெய் வாசனை. அவள் தலையைப் பின்னாலிருந்து யாரோ வாரினார்கள். அந்த யாரோ அம்மாதான். அந்த விரல்கள் தலையில் பட்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது, உச்சியில் வகிடு எடுத்தபோது உடம்பு சிலிர்த்தது நினைவிருக்கிறது. சீப்பைக் காட்டி அம்மா ஒரு சொல் சொல்வாள், அந்த ஊர்ப் பேச்சில். அந்தச் சொல் போய்விட்டது. எத்தனையோ வருஷமாகத் தேடுகிறாள், நாக்கு நுனி வரை வருகிறது, அங்கேயே கரைகிறது. இரண்டு நாட்டுக்கும் நடுவே ஓர் ஆறு, ஆற்றின் மேல் ஒரு பாலம், பாலத்தின் நடுவில் கைமாற்றம். இந்தப் பக்கத்தார் கையை விட்டதும் அந்தப் பக்கத்தார் பிடித்துக்கொண்டார்கள். அம்மா பாலம் வரைக்கும் வந்திருந்தாள். திரும்பிப் பார்த்தபோது அம்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையைக் குழந்தை பார்க்கக்கூடாது என்று திரும்பிக்கொண்டாளாக்கும், இப்போது புரிகிறது, இப்போது புரிந்து என்ன பண்ண? அந்தச் சின்னப் பெண்ணுக்குக் கிடைத்தது ஒரு முக்காட்டின் பின்பக்கம். நீல முக்காடு, ஓரத்தில் ஒரு இழை பிரிந்திருந்தது. அம்மாவை நினைத்தால் இன்றைக்கும் அந்தப் பிரிந்த இழைதான் வருகிறது, முகம் வருவதில்லை. புது வீட்டில், அசலாயிஸ் என்பது வாயில் நுழையவில்லை என்று மாமியார் ஆலிஸ் என்று மாற்றினாள். பேர் போச்சு, பேச்சு போச்சு, ஒரு வருஷத்தில் முகமும் போச்சு. ஒரு வருஷம்தான். குழந்தை மனசுக்கு அதுவே அதிகம்.

அந்த முகம் போன குழந்தைதான் பேரம் பேசக் கற்றாள். வேறு வழி? பாஷை தெரியாத வீட்டில் ஒரு கட்டை விறகு கூடுதலாக வேண்டுமென்றால் அழுதுதான் ஆகவேண்டும். அழுகை விலைபோகாது என்று தெரிந்ததும் கோபத்தைப் போட்டுப் பார்த்தாள், அது கொஞ்சம் விலைபோயிற்று. அப்புறம் பொறுமையையும் கோபத்தையும் மாற்றி மாற்றி வைத்தாள். தெற்குப் பக்கம் ஜன்னல் வைத்த அறையை அப்படி வாங்கினாள். ஆண்பிள்ளைகள் இரண்டு பேரையும் குதிரையேற்றம் வாள் என்று ஆண்கள் தூக்கிக்கொண்டு போனபோது, பெண்ணையாவது என்னிடம் விடு என்று ராஜாவோடு மூன்று வேளை சாப்பிடாமல் மல்லுக்கு நின்று வாங்கினாள். மற்ற ராஜகுமாரிகள் பால் மறந்த கையோடு போனார்கள், இவள் ஏழு வயசு வரை இருந்தாள். தாதி கூடப் போகக்கூடாது என்றார்கள், பெரெத் போகலாம் என்று ஆக்கினாள். பெரெத்தின் பெட்டிக்குள், அடித்துணிக்கு அடியில், சின்னதிலிருந்து பெரிது வரை செருப்புகள் இருக்கின்றன. இடது செருப்புக்குள் எல்லாம் கம்பளி தைத்தாயிற்று. வளர வளர அந்த விரற்கடையும் வளருமா, அப்படியே நிற்குமா என்று தெரியாமல், குத்துமதிப்பாக, ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு காலை மனசால் அளந்து தைத்தது. எல்லாப் பேரத்திலும் ஜெயித்தாயிற்று, இனி சரக்கைக் கொடுக்கவேண்டியதுதான் பாக்கி. கொடுக்காமலிருக்க வழி இருக்கிறது. கையிலேயே இருக்கிறது. நடக்காதே, ஓடு என்று ஒரு வார்த்தை. ஊனமான பெண்ணை யார் தலையில் கட்டுவது, ஆண்டவர் தலையில்தான் என்று ராஜா ஒருநாள் விருந்தில் பக்கத்து நாட்டுப் பிரபுவின் மகளைப் பற்றிச் சொல்லிச் சிரித்தான். அப்படியானால் கன்னியர் மடம். ஆற்றோரத்து மடம், காலையில் கிளம்பினால் மத்தியானம் போய்விடலாம். அங்கே தலைவி நாத்தனார் ஜோசியான், ராஜாவுக்கு அக்கா. அவளைச் சின்ன வயசில் அழ அழக் கொண்டுபோய் விட்டார்களாம், இப்போது பார்த்தால் அந்த மடத்தில் அவள்தான் ராஜா. “ஏ ஆலிஸ், என்னைப் பார்த்து எதுக்குப் பரிதாபப்படறே?” என்று கோழிக்காலைக் கடித்துக்கொண்டே கேட்டாள் போன ஈஸ்டரின்போது. “எனக்கு மாமியார் உண்டா? பிரசவம் உண்டா? நான் மாதாவுக்குத்தான் பதில் சொல்லணும், அவளும் பொம்பளைதானே, சொன்னா புரிஞ்சுக்குவா.”

பண்டிகைக்குப் பண்டிகை போகலாம். மடத்துக் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலி போடுவார்கள், அந்தப் பக்கம் எமெலின் வந்து உட்காருவாள், வளர்ந்திருப்பாள், முன்பல் முளைத்திருக்கும், விரலைக் கம்பிக்குள் விட்டால் பிடித்துக்கொள்ளலாம். முகம் மறக்காது. ஆனால் இந்த முடியைக் கத்தரித்துவிடுவார்கள். ஈரம் காயக் காயத் தேன் நிறத்துக்குத் திரும்புகிற இந்த முடியை, வாசலிலேயே உட்காரவைத்து, ஆட்டுக்கு எடுக்கிற மாதிரி எடுத்துவிடுவார்கள். தீவுக்குப் போனாலும் இந்தச் சிக்கு தனக்கு இல்லை, மடத்துக்குப் போனாலும் இல்லை. சரி, முடி போகட்டும், பெண் கிடைக்கிறாளே. பெண் கிடைக்கிறாள், சரி, பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது? கடலுக்கு அப்பால் கிரீடம், கோபம் வந்தால் கத்துகிற ஒரு புருஷன், வருஷத்துக்கொரு பிரசவம். எல்லாம் தனக்குக் கிடைத்ததுதானே, அதில் என்ன ருசி என்று தெரியாதா? “ராணியம்மா” என்று பெரெத் கிட்டே வந்து அடிக்குரலில் ஆரம்பித்தாள், “நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இங்க மறைச்சுட்டோம். அங்க போய் எவளாவது குளிக்கையில பார்த்துட்டா? ஏமாத்திட்டாங்கன்னு பிள்ளையை ஒரு கோட்டைக்குள்ள போட்டுப் பூட்டிட்டா நான் ஒரு ஆளு என்ன பண்ணுவேன்? என் பேச்சு அங்க எவளுக்குப் புரியும்?” அசலாயிஸுக்குச் சுர்ரென்று ஏறியது. “இதை நேத்துச் சொல்றதுக்கென்ன? முந்தாநாள் சொல்றதுக்கென்ன? கப்பலைக் கட்டி நிறுத்தினப்புறம் வந்து சொல்றியே!” “நேத்து நீங்க செருப்பு தைச்சிட்டிருந்தீங்களேம்மா. எப்படிச் சொல்ல?” அவள் சொன்னது நியாயம். அவள் நியாயத்தைச் சொன்னாலே எரிச்சல் வருகிறது. மூக்கு சிந்துகிற சத்தம் கதவருகே வந்து, கதவை யாரோ விரல் முட்டியால் தட்டினார்கள். அந்தத் தட்டலோடு சிக்கு தானாகவே விட்டுக்கொடுத்தது. சீப்பு வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது, எதிர்பார்க்காத லேசு, கை வெறுமையாகிவிட்ட மாதிரி. அசலாயிஸ் குனிந்து குழந்தையின் காதில் வாயை வைத்தாள். “கண்ணு, இன்னிக்குக் கிண்ண விளையாட்டு வேண்டாம்.” “ஏன்?” “வேண்டாம். நாய்க்குட்டியைத் துரத்துவியே, அந்த மாதிரி ஓடி வா. உன் இஷ்டப்படி.” எமெலின் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள், ஏதோ விலை உயர்ந்ததை ஒளித்து வைக்கிறார்களா என்று பார்க்கிற பார்வை. “நான் சிந்திடுவேன்னு நினைக்கறியா?” என்றாள். பதில் சொல்வதற்குள் கதவு திறந்துவிட்டது.

சீமாட்டி ஹாவிஸ் அகலமான பெண்பிள்ளை. மூக்கு பழுத்துச் சிவந்திருந்தது. அவளுக்குப் பின்னால் இரண்டு தோழிகள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கெட்டவளாக இருந்திருக்கலாம், எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் அவள் வந்ததும் வராததுமாகக் கல் தரையைப் பார்த்து, “ஐயோ, சில்லுனு இருக்குமே, பிஞ்சுக் காலு, சீக்கிரம் முடிச்சுடலாம் மகாராணி” என்றாள். பிறகு குழந்தையின் மோவாயைத் தூக்கி, “வாயைத் திற ராஜாத்தி. அட, முன்னால ரெண்டு காணோமே!” என்றாள். “விழுகிற வயசு, விழுந்திருக்கு” என்றாள் அசலாயிஸ், “குதிரையா வாங்க வந்தீங்க, பல்லைப் பிடிச்சுப் பார்க்க?” தோழிகள் மூச்சைப் பிடித்தார்கள். ஹாவிஸ் மட்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்: “என் பொண்ணைப் பார்க்க வந்தப்போ நானும் இதையேதான் கேட்டேன். எனக்கும் திட்டு விழட்டும், பரவாயில்லை.” இவளோடு சண்டைகூடப் போட முடியவில்லையே. எமெலின் சுவரோரம் போய் நின்றாள். இந்த அறைக் கணப்புக்குப் பக்கத்தில் நாய்க்குட்டி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஓடு, என்று மனசுக்குள் சொன்னாள் அசலாயிஸ், அதைத் துரத்து, இறங்கி ஏறு, எல்லாரும் பார்க்கட்டும், ஓடு கண்ணு. எமெலின் நாய்க்குட்டியைப் பார்க்கவேயில்லை. இரண்டு கையையும் மேலே கொண்டுபோய், இல்லாத கிண்ணத்தை உச்சந்தலையில் பதமாக வைத்து, சரியாக உட்கார்ந்ததா என்று ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்து, கையைக் கீழே விட்டாள். கிளம்பினாள். உள்ளங்கிக்குள் வலது முழங்கால் மடங்கியது அம்மாவுக்கு மட்டும் தெரிந்தது. மெல்ல, மெல்ல, தாடையை ஏந்தி, இமைகூட அசையாமல், குளத்தில் அன்னம் போகிற மாதிரி போனாள். அந்தச் சுவரைத் தொட்டாள். திரும்பினாள், திரும்பும் இடத்தில்தான் எப்போதும் தளும்பும், அங்கே ஒரு நொடி நின்று தண்ணீர் அடங்கக் காத்திருந்துவிட்டு வந்தாள். “என்ன நடை இது!” என்றாள் ஹாவிஸ், மெய்யாகவே மயங்கிப்போய். “தலையில எதையோ சுமந்துட்டு வர்ற மாதிரியில்ல வர்றா! எங்க ஊர்ல கிழவிங்களுக்குக்கூட இந்த நிதானம் வராது. போதும் மகாராணி, எனக்குத் திருப்தி.” திருப்தியாம். முடிந்தது. தான் கற்றுக்கொடுத்த வித்தை தன் பேச்சையே கேட்கவில்லை.

எமெலின் நேராக அவள் முன்னால் வந்து நின்று, கிண்ணத்தை இறக்கி ஓரமாக வைக்கிற பாவனை செய்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினாள். முகமெல்லாம் பல், பல் இல்லாத இடமெல்லாம் சிரிப்பு. “ஒரு சொட்டுக்கூடச் சிந்தலே. பரிசு.” இன்னும் நேரமிருந்தது. நாய்க்குட்டி அங்கேயேதான் இருந்தது. எங்கே அதைப் பிடி பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை விளையாட்டாகச் சொன்னால் போதும், அது பல்லுக்குப் பின்னால் வந்து நின்றேவிட்டது. சொல்லியிருப்பாள். ஆனால் இன்றைய நாள் வரைக்கும் இந்தக் குழந்தைக்கு அது ஒரு விளையாட்டு. தானே ஆடி, தானே ஜெயித்த விளையாட்டு. இப்போது ஓடச் சொன்னால், இந்த மூன்று பெண்கள் முகத்தைச் சுளித்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், அந்த நிமிஷம் அது ஊனமாகிவிடும். அம்மா அந்தப் பேரை வைத்தாள் என்றாகிவிடும். மடத்துக் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்க்கிற கண்ணில் காலமெல்லாம் அது இருக்கும். இது கட்டாது, எந்தக் கணக்கிலும் கட்டாது. அந்த வார்த்தையை விழுங்கினாள். மீன் முள் மாதிரிக் குத்திக்கொண்டே இறங்கியது. குனிந்து பெண்ணைத் தூக்கினாள். “அடடா, இவ்வளவு பெரிய பொண்ணை இடுப்புலயா?” என்று ஹாவிஸ் பதறினாள். “பரிசு” என்றாள் ராணி சுருக்கமாக. கனத்தாள், ரொம்பவே கனத்தாள். கால்கள் தொங்கின. உள்ளங்கி மேலேறி இரண்டு பாதமும் வெளியே தெரிகிற நேரம் அசலாயிஸ் தன் உள்ளங்கையை அடியில் கொடுத்து இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். கல் தரையின் சில்லிப்பு இன்னும் அதிலிருந்தது. ஒன்று கீழே, ஒன்று கொஞ்சம் மேலே. அந்தக் கொஞ்சத்துக்குள் தன் கட்டைவிரலை மடித்துக் கொடுத்தாள், சரியாக நிரம்பியது. சுற்ற ஆரம்பித்தாள். குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் திரும்பிக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் பார், கணப்பைப் பார், பெரெத்தைப் பார் என்று கழுத்து கெஞ்சியது; திருப்பவில்லை. பார்த்துக்கொள், மூக்கைப் பார், இந்த நெற்றி வடுவைப் பார், இந்தக் கண்ணைப் பார், நன்றாகப் பார்த்துக்கொள். கண்ணில் தண்ணீர் விளிம்பு வரைக்கும் நின்றது. திரும்பும் மூலையில்தான் தளும்பும். அங்கே ஒரு நொடி நின்று, அடங்கவிட்டு, பிறகு அடியெடுத்து வைத்தாள். எமெலின் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே வந்தாள். முழுச் சுற்றும் முடிந்து முக்காலியருகே வந்ததும், யாருக்கும் கேட்காதபடி அவள் காதில் வாயை வைத்துச் சொன்னாள்: “நீயும் சிந்தலேம்மா.”